பிணைப்புக்குப் பக்கத்தில்

2023-ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் என் அக்கா மகன் கடையநல்லூரில் உள்ள எங்கள் வீட்டிற்கு வந்தான். எம்.இ. இறுதியாண்டு மாணவன். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் ஒரு மாதமே இருந்தது. துணிப்பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய சிறு பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசைமீது பரப்பினான். விரல் நீளமுள்ள அலுமினியத் தகடுகள், இரண்டிரண்டாக நுனியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ஏறிய இடத்தின் நடுவில் ஒரு வட்ட முத்திரை. முத்திரையின் நடுவில் ஒரு குழி. கம்பன் பாடல்களின் பாடபேதங்களைக் குறித்து வைத்திருந்த என் தாள்களின்மேல் அவை பரவிக் கிடந்தன.

தமிழ் கற்பிக்கும் என்னிடம் அவன் வந்ததற்குக் காரணம் இருந்தது. அவனுடைய கல்லூரி ஆண்டு மலருக்கு ஆய்வுப் பொருள் குறித்து ஒரு தமிழ்க் கட்டுரை கேட்டிருந்தார்கள். "மாமா, ஃப்ரிக்‌ஷன் ஸ்டிர் ஸ்பாட் வெல்டிங்குக்குத் தமிழ்ல என்ன சொல்றது?" என்று கேட்டான். அகராதியைத் திறக்காமலே 'உராய்வுப் புள்ளிப் பற்றவைப்பு' என்றேன். சொன்ன உடனேயே அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. பற்றவைத்தல் என்றால் நெருப்பு வேண்டும். இவன் விவரித்த முறையில் நெருப்பும் இல்லை, உருகுதலும் இல்லை. பொற்கொல்லர்கள் இரு துண்டுகளை இணைக்க இடையே வைக்கும் பொருளுக்குப் பற்றாசு என்று அழகான பழஞ்சொல் உண்டு. இங்கே இடையே வைப்பதற்கும் ஒன்றுமில்லை. இரண்டு தகடுகளும் தம்மைத்தாமே ஒன்றோடொன்று பிசைந்துகொள்கின்றன.

முறை எளிமையானது. தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இறுக்கிப் பிடிக்கிறார்கள். மேலிருந்து ஓர் எஃகுக் கருவி நிமிடத்திற்கு ஆயிரம் சுற்று, அதற்கு மேலும்கூடச் சுழன்றபடி இறங்குகிறது. கருவியின் நுனியில் ஒரு சிறு முளை. முளைக்கு மேலே அகன்ற தோள். முளை மேல் தகட்டைத் துளைத்துக் கீழ்த் தகட்டுக்குள் கொஞ்சம் நுழைகிறது. தோள் மேற்பரப்பில் அழுந்தித் தேய்க்கிறது. உராய்வினால் எழும் வெப்பத்தில் அலுமினியம் பிசைந்த மாவைப்போல இளகுகிறது, உருகுவதில்லை. அவன் பயன்படுத்திய 6061 என்னும் கலவை உருகத் தொடங்குவது 582 பாகை செல்சியஸில். கருவியடியில் எழும் வெப்பம் பெரும்பாலும் நானூறுக்கும் ஐந்நூறுக்கும் இடையே நின்றுவிடும். சில நொடிகள் அப்படியே கலக்கிவிட்டுக் கருவி மேலே வந்துவிடும். முளை இருந்த இடத்தில் குழி மட்டும் மிஞ்சும்.

இதைக் கேட்டதும் நன்னூலின் புணர்ச்சி இலக்கணம் மனத்தில் ஓடத் தொடங்கியது. தொழில்நோய் என்றுதான் சொல்லவேண்டும். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது இடையே ஓர் எழுத்துப் புதிதாக வந்தால் தோன்றல். வெல்டிங் பட்டறையில் கம்பியை உருக்கி ஊற்றுகிறார்களே, அது தோன்றல். எழுத்து மாறினால் திரிதல், மறைந்தால் கெடுதல். எதுவும் மாறாமல் சேர்ந்தால் இயல்பு. "அப்படியானால் உன்னுடையது இயல்பு புணர்ச்சி" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "இல்ல மாமா, உள்ள நிறைய மாறுது. வெளியதான் தெரியாது" என்றான். என் உவமை அத்தோடு உடைந்தது. அவன் சொன்னதன் பொருள் எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கிற்று.

அலுமினியத்தை இணைப்பது ஏன் இவ்வளவு பாடு என்பதை முதலில் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இரும்புக் கதவும் சன்னல் கம்பியும் செய்யும் பட்டறைகள் பல உண்டு. அலுமினியக் குண்டானின் காது உடைந்தது என்று கொண்டுபோனால், "இது நம்மகிட்ட பிடிக்காது, தென்காசில ஆர்கான் வெல்டிங் இருக்கு, அங்க போங்க" என்பார்கள். அவர்கள் சொல்வது சரி. இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து எச்சரிக்கும்; அலுமினியம் நிறம் மாறாமலே இருந்து திடீரென்று குழைந்து விழுந்துவிடும். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று எப்போதும் போர்த்தியிருக்கிறது. உலோகம் 660 பாகையில் உருகினால் அந்தப் படலம் உருக இரண்டாயிரம் பாகைக்கு மேல் வேண்டும். கார்த் தொழிற்சாலைகளில் எஃகுத் தகடுகளைச் செப்பு முனைகளுக்கிடையே பிடித்து மின்சாரம் பாய்ச்சிப் புள்ளி புள்ளியாக ஒட்டுவார்கள். அலுமினியம் மின்சாரத்தையும் வெப்பத்தையும் எளிதில் கடத்திவிடுவதால் அதே வேலைக்குப் பன்மடங்கு மின்னோட்டம் தேவைப்படும். செப்பு முனைகளும் விரைவில் கெட்டுப்போகும்.

இந்தச் சிக்கலுக்கு உருக்காமல் இணைப்பது என்ற விடை 1991-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள டி.டபிள்யூ.ஐ. என்னும் பற்றவைப்பு ஆய்வு நிறுவனத்திலிருந்து வந்தது. அங்கே வேய்ன் தாமஸும் அவருடைய தோழர்களும் சுழலும் கருவியை மூட்டின் நெடுக நகர்த்திக் கோடாக இணைத்தார்கள். விண்கலங்களின் எரிபொருள் தொட்டிகளும் ஜப்பானிய இரயில் பெட்டிகளும் பின்னர் இம்முறையில் உருவாயின. கருவியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் இறக்கி ஏற்றினால் புள்ளி இணைப்பு. 2003-இல் மாஸ்தா நிறுவனம் தனது ஆர்.எக்ஸ்.-8 காரின் பின்கதவை இப்படிச் செய்தது. மின்சாரப் புள்ளி முறையோடு ஒப்பிட்டால் ஆற்றல் செலவு 99 விழுக்காடு குறைந்தது என்று அந்நிறுவனமே அறிவித்தது. விளம்பர வாசனையை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் பெரிய எண்தான். நடுவில் குழி விழுவது பிடிக்காமல் ஜெர்மனியின் கீஸ்டாக்ட் நகர ஆய்வு மையத்தில் மூன்று அடுக்குக் கருவி ஒன்றை உருவாக்கினார்கள். வெளி வளையம் தகடுகளைப் பிடித்துக்கொள்ள, உள்ளே இருக்கும் உறையும் முளையும் எதிரெதிராக ஏறி இறங்கி, தோண்டிய உலோகத்தையே திரும்பக் குழிக்குள் தள்ளி மூடிவிடும்.

தமிழ்நாட்டிலும் இவ்வாய்வு வேரூன்றியிருக்கிறது. பெல் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் திருச்சியில் 1975 முதல் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உலோக இணைப்பு ஆய்வு மையத்திலிருந்து வந்த கட்டுரைகள் மருமகனின் மேற்கோள் பட்டியலில் வரிசையாக நின்றன. அவனுடைய கல்லூரியிலோ இதற்கென்று தனி எந்திரம் கிடையாது. பழைய செங்குத்து மில்லிங் எந்திரம் ஒன்றில் கருவியைப் பொருத்தி, கைப்பிடியைச் சுற்றித்தான் அழுத்த ஆழத்தை வைத்திருக்கிறான். பல கல்லூரிகளில் இப்படித்தான் நடக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கை என்றால் கைதான்.

இணைப்பு நன்றாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெளித்தோற்றம் ஒன்றும் சொல்லாது. இரண்டு வழி உண்டு. ஒன்று, தகடுகளின் இரு முனைகளையும் எந்திரத்தில் கவ்வி, அறுகிற வரை இழுப்பது. எத்தனை கிலோநியூட்டனில் அறுந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று குறிப்பது. மற்றொன்று, புள்ளியின் நடுவே குறுக்காக அறுத்து, உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலக் கலவையில் நனைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. அப்போது உள்ளே நடந்தது தெரியும். முளையைச் சுற்றி உலோகம் நன்றாகக் கலங்கிய வட்டாரத்தில் மணிகள் சில மைக்ரான் அளவுக்குப் பொடிந்து நெருங்கியிருக்கும். அதற்கு வெளியே இரு தகடுகளுக்கும் இடையிலிருந்த எல்லைக்கோடு அப்படியே இருக்கும். முளை கீழ்த் தகட்டின் உலோகத்தை மேலே தள்ளுவதால், கலங்கிய வட்டாரத்தை நெருங்கும்போது அந்தக் கோடு மேல்நோக்கி வளைந்து நிற்கும். ஆங்கிலத்தில் இதற்குக் கொக்கி என்றே பெயர். கொக்கி எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு அந்த இடத்தில் மேல் தகட்டின் உருப்படியான கனம் குறைகிறது. இழுக்கும்போது விரிசல் அதன்வழியே ஏறும்.

மருமகனின் தொல்லை ஓர் அட்டவணையில் இருந்தது. சுழற்சி வேகம், அழுத்த ஆழம், நிற்கும் நேரம் ஆகியவற்றை மாற்றி மாற்றி, ஒவ்வொரு நிலைக்கும் மூன்று மாதிரிகள் செய்திருந்தான். ஒரு நிலையில் இரண்டு மாதிரிகள் ஏறத்தாழ ஒன்றுபோல நல்ல வலிமை காட்டின. மூன்றாவது அவற்றில் பாதிகூடத் தாங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த மூன்றாவதுதான் பார்க்க மிக அழகு. தோளின் முத்திரை முழுவட்டமாக, பளபளவென்று, விளிம்பில் சீரான வரப்புடன் இருந்தது. அதன் புகைப்படத்தைத்தான் ஆய்வேட்டின் முதல் படமாகவே வைத்திருந்தான்.

"மூணாவத எடுத்துட்டு வேற ஒண்ணு செஞ்சு போட்டுருலாம்னு சொல்றாங்க மாமா. கிளாம்ப் லூஸா இருந்திருக்கும்னு எழுதிரலாமாம்." யார் சொன்னது என்பது இங்கே தேவையில்லை. அவனுக்கே அந்த யோசனை பாதி பிடித்துமிருந்தது. இன்னொரு வாதமும் வைத்திருந்தான். அந்த மாதிரி இணைப்பின் நடுவில் அறவில்லை. புள்ளியைச் சுற்றி மேல் தகடு வட்டமாகக் கிழிந்து, புள்ளி முழுதாகக் கீழ்த் தகட்டில் நின்றுவிட்டது. பொதுவாக இப்படிப் பெயர்ந்து வந்தால் இணைப்பு தகட்டைவிட உறுதி என்று கொள்வார்களாம். எனவே குறை இணைப்பில் இல்லை, தகட்டில் என்று எழுதலாம். எனக்கு அது சரியாகவே பட்டது. சொற்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் வாதமும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவது எங்கள் துறையின் பழக்கம்.

திண்ணையில் சாய்ந்திருந்த அப்பா அதுவரை ஒன்றும் பேசவில்லை. அப்பாவுக்கு அப்போது 81 வயது. அவர் எழுந்து வந்து, கிழிந்த தகட்டை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"எங்கல அறுந்துச்சு?"

"பக்கத்துல தாத்தா. ஜாயிண்ட்ல இல்ல."

"எவ்வளவு பக்கத்துல?"

மருமகன் விளங்காமல் என்னைப் பார்த்தான். அவனுக்கு அப்பாவின் தொழில் தெரியாது. அவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது முடிந்துவிட்டது. கடையநல்லூர் அன்று தறிகளின் ஊர். கைலியும் சேலையும் நெய்த தெருக்களில் பகல் முழுவதும் தறியோசை கேட்கும். அந்தத் தெருக்களில் அப்பா பாவு பிணைப்பவராக இருந்தார். ஒரு பாவு நெய்து முடிந்ததும் அதன் கடைசி நுனிகளை அச்சிலும் விழுதிலும் அப்படியே விட்டுவைப்பார்கள். புதிய பாவின் இழைகளை அந்த நுனிகளோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து மெல்ல முன்னே இழுத்துவிட்டால், மறுபடியும் இழை கோக்கும் வேலை மிச்சம். ஒரு பாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இழைகள். முடிச்சுப் போடக்கூடாது, முடிச்சு அச்சுப் பல்லில் சிக்கும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய நுனியையும் புதிய நுனியையும் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து ஒரு தேய். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒட்டுப்பசை இல்லை, முடிச்சு இல்லை, தேய்ப்பு மட்டும். சிறுவனாக அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மேசைமேல் கிடந்த தகடுகளையும் அப்பாவின் விரல்களையும் நான் அதுவரை சேர்த்து எண்ணவில்லை.

"பிணைச்ச எடத்துல அறுந்தா தேய்ப்பு பத்தலன்னு அர்த்தம். ஒரு முழம் தள்ளி அறுந்தா நூலு சரியில்ல. பிணைப்பை ஒட்டி அறுந்தா பிணைச்சவன் கூடுதலாத் தேய்ச்சிட்டான். அந்தப் பக்கத்து நூலுல புரி கழண்டிரும்ல. பாக்க நல்லா உருண்டு திரண்டுதான் இருக்கும்."

மருமகன் மறுநாள் காலையில் முதல் பேருந்தில் கல்லூரிக்குப் போனான். கிழிந்த மாதிரியைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கிப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு இரண்டாம் நாள் இரவு திரும்பினான். நல்ல மாதிரியின் படமும் அருகிலேயே இருந்தது. உலோகவியல் அறியாத எனக்கே வேறுபாடு தெரிந்தது. நல்லதில் கொக்கி சற்றே எழும்பித் தணிந்திருந்தது. இதில் மேல் தகட்டின் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. கைப்பிடியைக் கொஞ்சம் அதிகமாகச் சுற்றிவிட்டான். கருவி ஆழமாக இறங்கியது. கீழ்த் தகடு அதிகமாக மேலே பிதுங்கியது. தோள் நன்றாக அழுந்தியதால்தான் முத்திரை அவ்வளவு பளபளப்பு. புள்ளி நடுவில் உறுதியாகவே இருந்தது. அதன் உறுதிக்காகச் சுற்றியிருந்த தகடு மெலிந்துபோயிருந்தது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்திருக்கிறது.

பக்கத்தில் நிகழ்வது கொக்கி மட்டுமன்று என்று அன்றிரவு அவன் விளக்கினான். இக்கலவைக்கு வலிமை தருவது அதனுள் மிக நுண்ணிய துகள்களாகப் படிந்திருக்கும் மெக்னீசியமும் சிலிக்கானும். ஆலையில் ஏறத்தாழ 170 பாகையில் பல மணி நேரம் வைத்துப் பக்குவப்படுத்தித்தான் அவற்றை அப்படிப் படிய வைக்கிறார்கள். கருவியின் சூடு சில நொடிகளில் அந்தப் பக்குவத்தைக் கலைத்துவிடும். கலங்கிய இடத்தையும் தாண்டி, கருவியே தொடாத ஒரு வளையத்தில் துகள்கள் பருத்துப்போக, உலோகம் மென்மையாகிவிடுகிறது. அவன் எடுத்த கடினத்தன்மை வரைபடத்தில், நூறைத் தாண்டி நின்ற விக்கர்ஸ் எண் அந்த வளையத்தில் எழுபதை ஒட்டிச் சரிந்திருந்தது. 'உள்ள நிறைய மாறுது' என்று அவன் முதல்நாள் சொன்னதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

அப்பா கைப்பேசித் திரையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கக் கற்றுக்கொடுத்தோம். பெரிதாக்கி, அந்த வளைந்த கோட்டின் நுனியில் நகத்தை வைத்தார். பிறகு, எங்கள் இருவரையும் பார்க்காமல், "அன்னைக்கு நூலு நல்ல நூலுதான்" என்றார்.

எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. 1985-இல், நான் பள்ளிக்குப் போகத் தொடங்கிய ஆண்டு, அடுத்த தெருவில் அப்பாவின் நெருங்கிய நண்பர் ஒருவரின் தறியில் அப்பா பிணைத்த பாவு வரிசை வரிசையாக அறுந்தது. நெய்பவருக்கு ஒரு வாரக் கூலி போயிற்று. நூல் கொடுத்த முதலாளி பிணைப்பில்தான் குறை என்றார். அப்பாவோ, பிணைப்பு ஒன்றுகூட அறவில்லை, எல்லாம் வெளியேதான் அறுந்திருக்கிறது, மில் மட்ட நூலைக் கொடுத்துவிட்டது என்று வாதிட்டார். நண்பர் நூலில் குறையில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டார். அத்தோடு அந்த நட்பு முடிந்தது. அப்பா பிணைக்கும் வேலையையே விட்டுவிட்டுச் செங்கோட்டை தாண்டிப் புனலூரில் ஒரு மளிகைக்கடைக்கு வேலைக்குப் போனார். மட்ட நூலைக் கொடுத்து ஏமாற்றிய முதலாளியும் அவருக்கு ஒத்து ஊதிய நண்பரும் எங்கள் வீட்டின் 38 ஆண்டுக் கதையில் நிலையான பாத்திரங்கள். அம்மா சாகும்வரை அந்தத் தெரு வழியாக நடந்ததில்லை. அந்த நண்பரும் இறந்துவிட்டார்.

"அன்னைக்கு ராத்திரியே தெரியும்" என்றார் அப்பா. "அவசரம். மறுநா கல்யாணத்துக்குப் போணும்னு வேகமாத் தேய்ச்சேன். உருண்டையா வந்துச்சு, பாக்க நல்லா இருந்துச்சு." அதற்குமேல் அவர் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வாதம் என்னவோ உண்மைதான்: பிணைப்பு ஒன்றுகூட அறவில்லை.

மருமகன் அட்டவணையில் மூன்று எண்களையும் அப்படியே வைத்தான். சராசரி கீழிறங்கியது, அவன் கண்டுபிடித்த 'உகந்த நிலை' வேறொரு வரிசைக்கு மாறியது, முடிவுரையைத் திருத்தி எழுதவேண்டி வந்தது. முதல் படத்தை எடுத்துவிட்டு, அழகிய முத்திரையும் அதன் குறுக்குவெட்டும் அருகருகே இருக்கும்படி உள்ளே ஒரு பக்கம் சேர்த்தான். வாய்மொழித் தேர்வில் கருவி எஃகின் வகையையும் மேற்கோள் பட்டியலின் வடிவத்தையும் பற்றிக் கேட்டார்களாம். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டு மலர்க் கட்டுரைக்கு 'உராய்வுப் புள்ளிப் பிணைப்பு' என்று தலைப்பு வைத்துக் கொடுத்தேன்; அச்சில் 'பினைப்பு' என்று வந்தது.

ஆடி மாதத்தில் ஒருநாள் அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, அடுத்த தெருவுக்குக் கூட்டிப்போ என்றார். நண்பரின் மகன் அங்கே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். தறி இருந்த அறைதான் கடை. தறிக்குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார்கள், அந்தச் சதுரம் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. அவர் அப்பாவை அடையாளம் கண்டு, "வாங்க மாமா" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். அப்பா அந்தச் சதுரத்தின்மேல் கால்படாமல் நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாரல் இந்த வருடம் எப்படி, கருப்பாநதி அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.